இரண்டு தலைமுடி கனம்

வரைபடக்காரர் வேலையை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. மதியம் மூன்று மணிக்கு அலுவலகமே எழுந்து நின்று அவருக்குக் கைகுலுக்கியது. பதினொரு வருஷம் எதிர்மேசையில் இருந்தவள் மட்டும் கைகுலுக்கியபடியே அவருடைய பையை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னக்கா, பையைத் திறந்து காட்டவா?"

"காட்டுங்களேன், யார் வேண்டாம்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விடமாட்டாள் என்பதால் அங்கே அவளுக்கு மைக்ரான் அக்கா என்று பெயர். புரோட்டான்களைக் கூட்டங்கூட்டமாக விரட்டும் துகள் முடுக்கிக்குச் செம்பு அறைகளை வடிவமைப்பது அவள் வேலை. பெரிய அண்டா அளவுள்ள அந்த அறை, மணியைப் போல, தனக்கென்று விதித்த ஒரே அதிர்வெண்ணில்தான் அதிர வேண்டும். மின்சக்தி ஏறினால் செம்பு சூடாகும், சூடானால் ஒரு துளி விரியும். அதனால் செய்யும்போதே ஒரு துளி சிறியதாகச் செய்ய வேண்டும். அவள் சூடான அளவைக் கணக்கிட்டுக் கொடுப்பாள். அவர் அதைக் குறைத்து, குளிர்ந்த அளவாக வரைபடத்தில் போடுவார். எழுதிவைத்த விதி இல்லை. ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதும் இல்லை.

அவர் போன இடமும் இதே மாதிரி முடுக்கி கட்டும் இன்னோர் ஆய்வுக்கூடம். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"ரெண்டு மாசமா ஃபோன் வந்தா வெளியே போய்த்தான் பேசினார். எதுக்காம்?" என்றாள் வீட்டில்.

கணவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "உங்க அம்மா கூப்பிட்டா நானும் வெளியே போய்த்தான் பேசுறேன். அதுக்காக நான் உளவாளியா?"

ஐந்து மாதம் கழித்து, கடைசியாக அவளும் வரைபடக்காரரும் சேர்ந்து செய்த அறை பட்டறையிலிருந்து வந்தது. சோதனையாளர் அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார். அதிர்வெண் எண்பது கிலோஹெர்ட்ஸ் அதிகம். விட்டம் இரண்டு தலைமுடி கனம் குறைவு. அதிர்வெண்ணைத் திருத்தும் தண்டை முழுக்க வெளியே இழுத்தும் வழிக்கு வரவில்லை. மூடிப் பற்றவைத்த அறையை இனிக் கடைந்து பெரிதாக்கவும் முடியாது. அத்தனை செம்பும் வீண்.

"யார் கைபட்டது இது?" என்றார் பிரிவுத் தலைவர்.

"வரைபடம் அவர் போட்டது. போறதுக்கு முந்தின வாரம்."

அவ்வளவுதான் சொன்னாள். அதுவே போதுமானதாக இருந்தது. தலைவர் அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கடிதம் போட்டார். அங்கே வரைபடக்காரரைச் செம்பு அறை பக்கமே விடாமல், குழாய்த் தாங்கி வரைய உட்காரவைத்துவிட்டார்கள் என்று தேநீர் நேரத்தில் செய்தி வந்தது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறு அறைக்கான வரைபடத்துக்கு அவளே உட்கார்ந்தாள். பழைய கணக்கைத் திறந்ததும் கடைசி வரியில் கண் நின்றது. அங்கே இருந்தது சூடான அளவு அல்ல. கிளம்புகிற ஆளுக்கு வேலையில் புத்தி எங்கே இருக்கும் என்று சந்தேகப்பட்டு, அந்த வாரம் அவளே குறைத்துவைத்திருந்தாள். அவரிடம் சொல்லவில்லை. அவர் எப்போதும்போல இன்னொரு தரம் குறைத்திருக்கிறார்.

கணக்கை மூடிவிட்டு, தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

புது அறை சொன்னபடி அதிர்ந்தது. "இந்தத் தடவை கச்சிதம்க்கா" என்றார் சோதனையாளர். அதென்ன 'இந்தத் தடவை' என்று மாடிப்படி ஏறி முடியும்வரை யோசித்தாள். தலைவர் கதவைச் சாத்திப் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. ஒரு கடிதம் எழுதினால் வரைபடக்காரருக்குச் செம்பு அறை வேலை திரும்பக் கிடைக்கும். எழுத உட்காருவாள். அவருக்குத் தெரியாமலா இருக்கும், தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருக்கிறார், சமயம் பார்த்து வைத்துச் செய்யப்போகிறார் என்று நினைப்பு ஓடும். எழுந்துவிடுவாள்.

இப்படியே நாலு வருஷம். ஒரு காலை, பேருந்து நிறுத்தத்தில், அவரிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, சௌக்கியமா? திரும்பவும் செம்பு அறை வேலை கேட்டிருக்கேன். தருவாங்களான்னு தெரியல. அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அன்னிக்குக் குறைச்ச கணக்கை எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சரியாத்தான் வருது. எங்க தப்புப் பண்ணினேன்னு நீங்கதான் சொல்லணும். உங்களை விட்டா வேற யாரை நம்பிக் கேக்கிறது?"