நேர் மேற்கு வெயில்

இன்று சாயங்காலம் கள்ளக்குறிச்சி வீட்டு வாசல் வழியாக வெயில் நேராக உள்ளே வந்து சுவரைத் தொட்டதும் கை தானாகக் கதவைச் சாத்தப் போனது. பகலும் இரவும் சமமாகும் புரட்டாசி நாளில் சூரியன் நேர் மேற்கில் இறங்கும், அவ்வளவுதான். ஆனால் ரோடு அகலப்படுத்த இடிக்கப்பட்ட எங்கள் வெள்ளிமலை வீட்டில், அந்த வெளிச்சம் யார் முகத்தில் படுகிறதோ அவரை எமன் பார்த்துவிடுவான் என்பார்கள். என் சின்ன வயதில் ஒரு புரட்டாசியில், மண்தரையில் அது சிவப்பாக ஊர்ந்து, காய்ச்சலில் கிடந்த தம்பியின் பாயை நெருங்க நெருங்க, அம்மா பழைய சேலையை வாசலுக்குக் குறுக்கே விரித்து ஒரு முனையை என்னிடம் தந்தாள்.

“அவன் மூஞ்சில படக்கூடாதுடி, கெட்டியா புடி.”

பல் தந்தியடிக்கத் தம்பி சொன்னான்: “எமன் வந்தா வந்துட்டுப் போறான், குளுருதுக்கா. கொஞ்சம் வெயில வுடு.”

நான் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.