சாப்பாட்டு நேரத்தில் எழுதியவர்

1991-ல் மழைக்காலம் ஆரம்பித்த சமயம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், தகரத் தகடுகளை பிரஸ்ஸில் அழுத்திப் பாகங்கள் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படித்துவிடுவேன். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூட விடமாட்டேன்.

அங்கிருந்த பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் வேலை வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு பொத்தானில் மரக்கட்டையைச் செருகிவிட்டு மற்றதை மட்டும் அழுத்துவார்கள். எல்லோரும் செய்வதுதான். சூப்பர்வைசரும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

ஒரு நாள் மதியம், பிள்ளைப்பாக்கத்துக்காரர் ஒருவர் சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டபோது அச்சு இறங்கிவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. பொத்தானை அழுத்தியவர் அவருடைய கூட்டாளியான மண்ணூர்க்காரர். இரண்டு பேரும் ஆறு வருடம் ஒரே மெஷினில் வேலை செய்து, ஒன்றாகவே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

மானேஜர் சொல்லச் சொல்ல, 'இயந்திரக் கோளாறு' என்று அறிக்கையை நான்தான் டைப் செய்தேன். மண்ணூர்க்காரர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு அவரால் பிரஸ் பக்கமே போக முடியவில்லை. பேக்கிங்கில் போட்டார்கள். சோற்றைக் கையால் தொடவும் முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டார். "துரை ஆயிட்டாருடா" என்று யாரோ கிண்டல் செய்ய, டப்பாவை அப்படியே மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, வேஸ்ட் பேப்பர் இருந்தா ரெண்டு குடும்மா."

"எதுக்குண்ணா?"

"அதே மனசுல ஓடிக்கினே கீது. எழுதித்தான் பாப்போமேன்னு."

பழைய புரொடக்ஷன் சீட்டுகளைக் கொடுத்தேன். மூலையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவற்றின் பின்பக்கத்தில் இருபது நிமிடம் தலையைத் தூக்காமல் எழுதினார். பிறகு நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. எட்டாவது படித்த மனிதர் தினமும் அப்படி என்னதான் எழுதுகிறார்? எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துவைத்துப் படித்தேன்.

எல்லாவற்றிலும் அந்த மதியம்தான். முதல் நாள் எழுதியதில் மெஷின் நம்பர், மணி, தகட்டின் கனம் தவிர ஒன்றுமில்லை. இரண்டாம் நாள், அன்று இருவரும் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பும், எதற்கோ சிரித்ததும் இருந்தது. மூன்றாம் நாள், அந்த அலறலும், விரல்களைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேனில் போனதும். நாலாம் நாள் இப்படி இருந்தது: 'கட்டையைச் செருகியது நான். ஐந்து மணி பஸ்ஸுக்குள் அன்றைய கணக்கை முடித்துவிடும் அவசரம். அவன் கை வெளியே வந்துவிட்டதா என்று நான் பார்க்கவில்லை.'

ஏரியில் இறங்குகிறவர் முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு என்று போவதுபோல அவர் போயிருந்தார். ஆச்சரியம் என்னவென்றால், அன்றுதான் அவர் கையால் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். வலிப்பதையே திரும்பத் திரும்ப எழுதினால் வலி கூடத்தானே வேண்டும்? எனக்குப் புரியவில்லை. பயம் வேறு. இது மானேஜர் கையில் கிடைத்தால் வேலை போய்விடுமே என்று துண்டுகளை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. எழுதியதை அவர் கிழிக்கவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கூடைல கெடந்தத படிச்சது நீதானம்மா?"

எனக்கு உயிரே போய்விட்டது. "மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன்.

"அட, வுடும்மா. துண்டுங்கல்லாம் கூடைல வரிசையா அடுக்கிக் கெடந்துச்சி. யாரோ படிக்கிறாங்கன்னு தெரிஞ்சிதான் நேத்து நெசத்த எழுதுனேன்." காகிதத்தை நீட்டினார். "இது அவனுக்கு. நேர்ல போவ எனக்குத் தெம்பு இல்ல. நீ குடுத்துடு. இத மட்டும் படிக்காத."

சாயங்காலம் பஸ் பிடித்துப் பிள்ளைப்பாக்கம் போனேன். ஒட்டக்கூட இல்லை, வெறும் மடிப்புதான். கை அரிக்கவில்லை என்றால் பொய். ஆனாலும் பிரிக்கவில்லை.

அடிபட்டவர் வாசலிலேயே நின்று, இடது கையால் பிரித்து இரண்டு முறை படித்தார். "இன்னாவாம்?" என்று மனைவி கேட்க, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? அவன் வூட்டு வழியாத்தான போவ? சோறு துன்ன வரச் சொல்லும்மா. ஸ்பூன்ல துன்றானாமே, இங்க வந்து கையால துன்னச் சொல்லு."

மண்ணூரில் இறங்கி அதைச் சொன்னபோது, அந்தப் பெரிய ஆள் என் முன்னாலேயே குலுங்கி அழுதார். திங்கட்கிழமை அவரே போய் மானேஜரிடம் கட்டை விஷயத்தைச் சொன்னார். பத்து நாள் சஸ்பென்ஷன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனார்.

நான் திருட்டுத்தனமாகப் படித்தது அவருக்கு உதவியதா, படிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தது உதவியதா, இல்லை எல்லாவற்றையும் அந்தச் சீட்டுகளே செய்துவிட்டனவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மனசு உடைந்து யாராவது என் எதிரே உட்கார்ந்தால், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்னால், ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டு நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.