கன்று குடித்த தண்ணீர்

யுத்தகாலத்தில் வேலணைத் தீவில் நான் ஒரு வாடகைக் கார் ஓட்டினேன். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதிக்கு மேல் உவர். அந்த நீரை, எஞ்சினைக் குளிர்விக்கும் றேடியேற்றருக்குள் விட்டவர்களின் வண்டிகள் உள்ளே உப்புப் பிடித்து வீணாகிப்போனதைக் கண்ணால் கண்டவன் நான். ஆகவே என் காருக்கு நல்ல தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரை இவன் இரும்புக்கு ஊற்றுகிறான் என்று சனம் பகிடி பண்ணியது. போங்கடா என்று இருந்துவிட்டேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

சோளகக் காற்று வீசிய ஒரு வறட்சியில் தேர்மோஸ்ரற் பழுதாகிவிட்டது. எஞ்சினில் தண்ணீர் சூடாகும்வரை மூடியிருந்து, பிறகு திறந்துவிடும் சின்னக் கதவு அது. யாழ்ப்பாணத்தில் உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து கழற்றியதைத் தோணியில் எடுப்பித்து மாற்றினேன். அதற்காக இறக்கிய தண்ணீரை ஒரு சட்டியில் ஏந்தி வைத்திருந்தேன். நான் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த நேரம் எங்கள் வீட்டுப் பசுக்கன்று வந்து பாதிக்கு மேல் குடித்துவிட்டது. ஆத்திரத்தில் அதற்கு ஒரு அடி போட்டேன். நல்ல கிணற்றில் அப்போது முறை வைத்துத்தான் அள்ளலாம். எங்கள் முறை மறுநாள் பின்னேரம். எங்கள் வீட்டு வளவுக் கிணற்றில் உவர்நீர் நிறையக் கிடந்தது. அதில் ஒரு வாளி விட எனக்கு மனம் வரவில்லை. சட்டியில் மிஞ்சியதை ஊற்றி மூடினேன்.

கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்த்தால், சூடுகாட்டும் முள் அடியிலேயே கிடந்தது. புதிதாகப் போட்ட கதவு மூடாமல் நிற்கிறதோ என்று கழற்றினேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் சிந்தவில்லை. வீணாகவில்லையே என்று சந்தோஷப்பட்டேன், மடையன். குசினியில் கொதிக்கிற பானைக்குள் அதைப் போட்டேன், ஒழுங்காகத் திறந்தது. முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் குழாயின் நுனியையும் அதே பானைக்குள் விட்டேன். முள் மளமளவென்று ஏறியது. இரண்டும் சரி. அப்படியென்றால் எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்துதான் ஓடுகிறது, தண்ணீர் குறைவென்றால் கொதித்திருக்குமே என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன்.

மறுநாள் காலை தங்கையின் புருஷன் ஓடி வந்தான். அவளுக்குத் தலைப்பிள்ளை. முதல் நாளே வலி தொடங்கியிருந்தது. நான் காரோடு போனபோது மருத்துவிச்சி வாசலுக்கு வந்தாள்.

"இனி என்னாலை ஏலாது, தம்பி. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு உடனை கொண்டு போ."

தங்கையைப் பின்சீற்றில் கிடத்தினோம். புருஷன் என் பக்கத்தில் ஏறினான்.

"மச்சான், தண்ணியெல்லாம் பாத்தியளோ?"

"முள்ளைப் பாரும். நல்லாக் குளிர்ந்து கிடக்கு."

வழியில் புளியங்கூடலைக்கூடத் தாண்டவில்லை. கருகிய மணம் வந்தது, எஞ்சின் இறுகி நின்றது. முள் அப்போதும் அடியில்தான். மூடியைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது, தண்ணீர் இல்லை. குழாயின் நுனி தண்ணீரைத் தொடாமல் வெறுமையில் நின்றிருக்கிறது. அது எந்தச் சூட்டைச் சொல்லும்? கதவைக் கழற்றியபோது ஒரு சொட்டும் சிந்தாததும் அதனால்தான். வழியில் எத்தனை கிணறுகளைக் கடந்து வந்தேன்! எல்லாம் உவர்தான். ஒரு வாளி போதும், அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன்.

"என்ன மச்சான், என்ன நடந்தது?" என்று அவன் அழுதான்.

"வறட்சியிலை உப்புத் தண்ணிதான் விட்டனான், அது எஞ்சினைத் திண்டிட்டுது" என்றேன். வாயில் வந்த பொய் அது.

மாட்டு வண்டி ஒன்று பிடித்தோம். பிள்ளை வண்டிக்குள்ளேயே பிறந்தது. பெட்டைப்பிள்ளை. அழவில்லை. தங்கை பிழைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை உண்டாகவேயில்லை.

மாதக்கணக்கில் பாடுபட்டுக் காரைத் திரும்ப ஓடவைத்தேன். அந்தக் கிழமையே தங்கை குடத்தோடு வந்தாள். நல்ல கிணற்றில் தன் வீட்டு முறைக்கு அள்ளியது.

"அண்ணை, இனி உப்புத் தண்ணி விடாதேங்கோ. இன்னொரு பிள்ளைத்தாச்சி வழியிலை நிக்கக்கூடாது."

அன்றோடு அவள் விடவில்லை. அந்தக் காரை நான் விற்கும்வரை, முறை வந்த நாளெல்லாம் கொண்டுவந்தாள். நானும் ஒவ்வொரு முறையும் வாங்கி ஊற்றினேன்.