சஹனில் என் பக்கம் வந்தவை

மூன்று பிரிவாக வரம்பு வைத்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று என் குசினியில் இருக்கிறது. பாதி மரக்கறிக்கு, கால் பங்கு சோற்றுக்கு, மற்றக் காலில் மீனோ முட்டையோ பருப்போ வைக்க வேண்டும். கல்முனையில் முதியோருக்கு நடந்த உணவும் போசாக்கும் வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். என்னுடையது மஞ்சள் ஏறிப் பழசாகிவிட்டது. இது ராத்தாவுடையது, சில நாள்தான் புழங்கியது.

ராத்தா என் கூடப்பிறந்தவ, எனக்கு மூத்தவ. சின்ன வயதிலிருந்தே அவ மெலிஞ்சவ, நான் கொழுத்தவ. கேட்பவர்களுக்கெல்லாம் உம்மா, "அது அவட உடம்பு வாகு" என்று சொல்லி முடித்துவிடுவா. வயது போகப் போக ராத்தாவுக்குக் கால் தளர்ந்தது. குந்தினால் எழும்ப ஒரு கை வேண்டும், தொழுகையும் கதிரையில்தான். தசை வற்றிவிட்டது, விழுந்துவிடக் கூடாது என்று கிளினிக்கில் பயம் காட்டிவிட்டார்கள். அதனால்தான் அவவை அந்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். "கபுறுக்குழிக்குப் போற வயசில பள்ளிக்குடம் போறமா புள்ள" என்று த்ரீவீலரில் வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டு வந்தா.

படிப்பித்தவர் காரைதீவு மிஸ். நேற்றுப் பகல் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று முதல் நாளே ஒவ்வொருவரிடமும் கேட்டார். "நாங்க சஹன்ல சாப்பிடுற மிஸ், ஆறு பேர். எனக்கு எவ்வளவெண்டு எப்பிடிச் சொல்ற?" என்றா ராத்தா. உண்மைதான். ராத்தாவும் நானும் அடுத்தடுத்த வளவு. வாப்பா காலத்திலிருந்து பகல் சோறு சஹன் என்கிற ஒரே பெரிய தாலத்தில்தான், சுற்றியிருந்து எல்லாரும் ஒன்றாகக் கைவைப்போம். பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அதை விடவில்லை. சட்டியில் கிடந்த கறியை ஆறாகப் பிரித்தால் வருவதுதான் அவ பங்கு என்று நான் கெட்டித்தனமாகக் கணக்குச் சொன்னேன். மிஸ் சிரித்துவிட்டு, அடுத்த கிழமை சஹனோடு சமைத்துக்கொண்டு வாங்க, பார்ப்பம் என்றார்.

வகுப்பிலேயே பாய் விரித்து ஆறு பெண்கள் இருந்தோம். கோழிக்கறி, கத்தரிக்காய், பருப்பு. ஊர்க் கதையெல்லாம் கதைத்துக்கொண்டு சாப்பிட்டோம். மிஸ் மட்டும் ராத்தாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, உங்கட பக்கத்துக் கோழி எங்க?" என்று அவர் கேட்டபோதுதான் எல்லாரும் குனிந்து பார்த்தோம். ராத்தாவின் முன்னால் சோறும் துண்டில்லாத ஆணமும்தான் கிடந்தன. என் முன்னால் எலும்பு குவிந்திருந்தது. சோற்றைப் பிசைகிறபோதே அவவின் விரல் இறைச்சித் துண்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுகிறது. பக்கத்தில் இருப்பது எப்போதும் நான்தான். அல்லாஹ்மேல் ஆணை, அது எனக்குத் தெரியாது; அவவுக்கும் தெரியாது. "தள்ளி வெக்காம சஹன்ல எப்பிடிச் சாப்பிடுற மிஸ்?" என்று அவ பாவமாகக் கேட்க, வகுப்பே சிரித்தது. நான் என் முன்னால் கிடந்த எலும்பை எண்ணினேன். உம்மா சொன்ன உடம்பு வாகு என் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. ஒரு தடவையாவது நான் திருப்பித் தள்ளியிருக்கலாமே என்று அன்றைக்குப் பிடித்த கவலை இன்னும் விடவில்லை.

தசை கரைகிற வயதில்தான் புரதம் கூடுதலாகத் தேவை, இனிமேல் தனித் தட்டில் சாப்பிடுங்க என்று மிஸ் ராத்தாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னார். ராத்தா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றா. வீட்டுக்கு வந்து தட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா. "தனியத் தட்டில திண்டா களவெடுத்துத் திங்கிற மாதிரி இரிக்கி" என்றா. நான் ஏசினேன், கெஞ்சினேன், மிஸ்ஸிடம் சொல்லிக்கொடுப்பேன் என்று மிரட்டியும் பார்த்தேன். அவ மசியவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது.

அவ படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்தத் தட்டு வெளியே வந்தது. பாரை மீனை முள் எடுத்து அதன் பிரிவில் வைத்து, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் இருப்பேன். தானே எடுத்துச் சாப்பிடுவா. நாலு பிடி சோறு போகும். பிறகு பார்த்தால் மீன் வரம்பைத் தாண்டி என் பக்கத்து விளிம்புக்கு வந்திருக்கும். நான் தட்டைச் சுற்றி மீனை அவ பக்கம் திருப்புவேன். ஏதாவது கதைத்துக்கொண்டே அவ மறுபடி தள்ளுவா.

"ராத்தா, இது சஹன் இல்ல. இது உங்கட தட்டு."

"தெரியும் புள்ள. நீ இன்னும் திங்கல்லயே."

அந்த மழை ஓயுமுன் ராத்தா மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. மகள்மார் வேலைக்குப் போகிறார்கள், ஆளுக்கொரு நேரத்தில் சாப்பாடு, சஹன் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. நான் ராத்தாவின் தட்டில் சாப்பிடுகிறேன். மிஸ் சொன்ன அளவு தப்புவதில்லை. பாதி மரக்கறி, கால் சோறு, மற்றக் காலில் மீன். வைத்த மீன் வைத்த இடத்திலேயே இருக்கிறது.