கேமராவுக்குக் காது இல்லை

1

சூப்பர்வைசர் ஆன அன்று நான் செய்த முதல் வேலை அகராதியைப் புரட்டியதுதான்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவன் என்பதால் அங்கே முப்பது வருடம் ஆபீஸில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கையில், ஆள் கிடைக்காமல் எம்.டி. என்னை உற்பத்திப் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆக்கினார். ஸ்பேனர் எது, ஸ்க்ரூடிரைவர் எது என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஆனால் ‘சூப்பர்வைசர்’ என்ற சொல்லின் பூர்வீகம் தெரிந்தது. லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேலே, ‘விதேரே’ என்றால் பார்ப்பது. ஆக, மேலிருந்து பார்ப்பவன்.

டீ நேரத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து இதை விளக்கினேன். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் ஈஸ்வரி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க சார், அப்ப செவுத்துல இருக்கற பல்லியும் சூப்பர்வைசருங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாதம்தான் ஷெட்டில் சிசிடிவி கேமரா மாட்டினார்கள். மாடியில் எனக்கு ஒரு ரூம், எட்டுக் கட்டமாக ஒரு திரை. லத்தீன்காரனே எனக்காகச் செய்து கொடுத்தது போலிருந்தது. கீழே இறங்குவதையே விட்டுவிட்டேன்.

2

ஐந்தாவது கட்டம் டெஸ்டிங் பெஞ்ச். அங்கே ஆரோக்கியசாமி. என்னைவிட நாலு வயது இளையவர். ஒரு நாள் காலை, ஓடுகிற மோட்டாரின் மேல் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அடுத்த மோட்டாரிலும் அதே சயனம்.

வேலை நேரத்தில் தூங்கினால் சஸ்பென்ஷன், விசாரணையில் உறுதியானால் வேலை போகும். இது எங்கள் விதி. அழகான ஆங்கிலத்தில் மெமோ அடித்து அவரை மாடிக்கு அழைத்தேன்.

“என்னங்க சார் எழுதியிருக்குது?”

“நீங்க தூங்கினதா எழுதியிருக்கு.”

“தூங்கலீங்க சார். கேட்டுட்டு இருந்தனுங்க.”

“கண்ணை மூடிட்டா? கேமராவுல பார்த்தேன்.”

“கேமராவுக்குக் காது இருக்குதுங்களா?”

எதிர்த்துப் பேசியதாக இன்னொரு வரி சேர்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் ஈஸ்வரி மாடிக்கு வந்தார். “கொஞ்சம் கீழ வாங்க சார்” என்று கூப்பிட்டுப் போய், ஓடுகிற மோட்டாரின் பேரிங் இருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி, கைப்பிடியை என் காதில் வைத்தார். “கண்ண மூடுங்க. அப்பத்தான் கேக்கும்.”

மூடினேன். உள்ளே எங்கோ மணலை அரைப்பது போல ஒரு சன்னமான கரகரப்பு. அடுத்த மோட்டாரில் அது இல்லை, ஒரே சீரான ரீங்காரம். பேரிங் நன்றாக இருக்கிறதா என்று அவர்கள் காதால்தான் பார்க்கிறார்கள். ஆரோக்கியசாமி செய்துகொண்டிருந்தது அதைத்தான். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர்தான் கேமராவில் தெரியவில்லை.

“இப்பவாச்சும் அந்தக் காயிதத்தைக் கிழிச்சுப்போடுங்க சார்.”

கிழித்திருக்க வேண்டும். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எழுதியதைக் கிழித்தால் யார் மதிப்பார்கள் என்று நினைத்தேன். “எழுதினது எழுதினதுதான்” என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். தெரியாமல் செய்ததை யாரும் மன்னிப்பார்கள். இதைத் தெரிந்தே செய்தேன்.

3

சஸ்பென்ஷனின் பதினோராம் நாள், முந்தின வாரம் எங்களிடம் வாங்கிய பம்போடு தொண்டாமுத்தூர் விவசாயி ஒருவர் மினி லாரியில் வந்து இறங்கினார்.

“ஏனுங்க, நான் வாங்குனது மோட்டாருங்களா, மாவு மில்லுங்களா? தோட்டத்துக்கு யானை வந்தா பட்டாசு போடுவமுங்க. இப்ப உங்க மோட்டாரப் போட்டாலே ஓடிப்போயிருதுங்க!”

எம்.டி. சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தி, “டெஸ்டிங்குல யாருங்க?” என்றார். ஆரோக்கியசாமி சஸ்பென்ஷனில் இருப்பதும், நாளை விசாரணை என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மெமோ கொடுத்த நாளின் கேமரா பதிவைப் போடச் சொன்னார்.

காலைப் பதிவில் ஆரோக்கியசாமி. எம்.டி. நிறுத்தச் சொல்லவில்லை. திரை ஓடி ஓடி மதியத்துக்கு வந்தது. அதே பெஞ்ச், அதே மோட்டார். அதன்மேல் சாய்ந்து கண்ணை மூடிய ஒரு வழுக்கைத் தலை.

“இது யாருங்க சார்?”

“நான்தான்.”

“தூங்கறீங்களா?”

“இல்லீங்க. கேட்டுட்டு இருந்தேன்.”

எம்.டி. என்னைவிட இருபது வயது சிறியவர். பதிவை அங்கேயே நிறுத்தச் சொன்னார். “அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்” என்றார். பிறகு, “ஒண்ணு, அந்த மெமோவக் கிழிச்சுப்போட்டு நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. இல்லீன்னா அதே மெமோவுல பேரை மட்டும் மாத்தி நீங்க கையெழுத்துப் போடுங்க.”

கிழித்தேன். நேரே ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். நான் புது சூப்பர்வைசர் என்று சொன்னதும் அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க சார், உக்காருங்க. முப்பது வருசமா லீவே போடாத மனுசன். புது சூப்பர்வைசர் கூப்பிட்டு, ‘உடம்பப் பாத்துக்க’ன்னு பத்து நாள் லீவு குடுத்தாராம். உங்குளுக்கு நல்ல மனசுங்க. காப்பி குடிச்சுப்போட்டுத்தான் போகோணும்.”

காப்பியைக் குடித்தேன்.

கடையிலிருந்து திரும்பிய ஆரோக்கியசாமி வாசலிலேயே என்னைக் கண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, “லீவு முடிஞ்சுதாம் அம்மணி. கூப்பிட வந்திருக்காரு” என்றார்.

மறுநாள் என் நாற்காலியை மாடியிலிருந்து இறக்கி டெஸ்டிங் பெஞ்ச் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் உட்கார்ந்தேன். நீங்களும் ஒருநாள் சூப்பர்வைசர் ஆவீர்கள். அகராதியைப் பாருங்கள், தப்பில்லை. பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போங்கள். அந்த அம்மாவிடம் மட்டும் நான் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டிலிருந்து கேக் வருகிறது. நல்ல மனசுக்காரருக்கு என்று சொல்லித்தான் கொடுத்தனுப்புகிறார்.