ஆடுதீண்டாப்பாளையும் என் பேரும்

எங்கள் ஊராட்சியில் ஊர்ச் செடிகொடிகளையும் அவற்றின் மருத்துவத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதச் சொன்னபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பேனாவை என்னிடம் கொடுத்தார்கள். மற்றபடி என்னிடம் நன்றாக இருப்பது எதுவும் இல்லை.

கரிசலில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஆட்டுப் புண்ணில் புழு வைத்தால் அந்த இலையை வைத்து ஆற்றுகிறவள் என் மனைவி. ‘தகவல் தந்தவர்’ என்ற இடத்தில் என் பேரை எழுதினேன். திருட்டு எண்ணம் இல்லை. வீட்டுத் தீர்வை, கரண்டு அட்டை, கேஸ் புத்தகம் எல்லாம் என் பேரில்தான். கை அந்தப் பழக்கத்திலேயே ஓடிவிட்டது.

போன மாசியில், மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக்காரப் பெண் அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்தச் செடியிலிருந்து கால்நடை மருந்து செய்து பார்க்கப் போகிறார்களாம். அதற்கு ஊரின் சம்மதமும், மருத்துவம் தெரிந்தவரின் கையெழுத்தும் வேண்டும். பலன் கிடைத்தால் இங்கேயும் பங்கு உண்டு என்று விளக்கினார். பதிவேட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் பக்குவம் கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வேரை அவித்துக் கொடுக்க வேண்டும் என்றேன்.

வீட்டை ஒட்டிய ஆட்டுக் கொட்டத்தில் ஒரு குட்டியின் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கினாள்.

“அவுக சொல்றதைக் கேட்டீகன்னா ஆடு போய்ச் சேந்துரும் தாயி. இலையைக் கசக்கிப் புண்ணுல பிழியணும், அம்புட்டுத்தான்.”

பதிவேட்டை மெல்ல மூடப் பார்த்தேன். வந்தவர் விடவில்லை. பங்காக என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டார். அதற்குள் என் மனதில் வீட்டுக்கு ஒரு மாடி எழும்பி, டைல்ஸும் பதித்தாகிவிட்டது.

அவள் குட்டியின் காதைத் தடவினாள். “கோடையில செடி காஞ்சு போயிருது. போன வருசம் ரெண்டு குட்டி புழு வச்சே செத்துச்சு. பாத்துக்கிட்டு நின்னேன். மருந்து வந்தா மொதல்ல எங்க மாட்டாஸ்பத்திரிக்குக் குடுங்க. கேட்டவுகளுக்கெல்லாம் கெடைக்கணும்.”

மாடியை இடித்தேன். என் பேரை அடித்துவிட்டு அவள் பேரை எழுதினேன். அவள் சொன்னதைச் சம்மதத் தாளின் கீழே நிபந்தனையாக எழுதினேன். என் நல்ல கையெழுத்துக்கு அன்றுதான் உருப்படியான வேலை கிடைத்தது. அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். துடைத்தும் போகாத இலைச்சாறு தாளின் ஓரத்தில் பச்சையாகப் படிந்தது. சாட்சி, நான்.

மருந்து இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. கம்பெனியிலிருந்து கடிதம் மட்டும் வருகிறது, அவள் பேருக்கு. முதல் கடிதத்தன்று தபால்காரர் வாசலில் அந்தப் பேரை வாசிக்க, யாரைத் தேடுகிறார் என்று ஒரு கணம் முழித்தேன்.

பிறகு சொன்னேன், “கொட்டத்துல இருக்காக.”