கைப்பழக்கமும் கம்பவுண்டரும்

போடிமெட்டுக்கு மேலே நான் வேலை பார்த்த ஏலத் தோட்டத்தில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். ஒல்லியான ஆள், காதெல்லாம் முடி. கால் சுளுக்கு என்று போனாலும் முதலில் நாக்கை நீட்டச் சொல்வார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். எனக்கு வயது இருபத்தெட்டு. மறுமாதம் கல்யாணம். போடிச் சந்தையில் லேகியக்காரன் கொடுத்த நோட்டீசை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆண்கள் தனியாக இருக்கும்போது செய்கிற கைப்பழக்கத்தால் நரம்பு தளரும், பிள்ளை பிறக்காது என்று போட்டிருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. கல்யாணத்தையே நிறுத்திவிடலாமா என்று தவித்து, கடைசியில் கம்பவுண்டரிடம் போனேன்.

நாக்கைப் பார்த்துவிட்டு, “என்னப்பா செய்யுது?” என்றார்.

“கைப்பழக்கம்ணே.”

“எந்தக் கையி?” என்று என் வலது கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தார். “களை வெட்டுற கை காச்சுத்தான்டா போகும்.”

“அதில்லண்ணே... கல்யாணம் வருது...”

அவருக்குப் புரிந்துவிட்டது. “மூடை தூக்கிட்டு மெட்டு ஏறுறியா?”

“ஏறுறேண்ணே.”

“பெறகென்ன சீக்கு? அதுனால ஒரு கெடுதலும் இல்ல. போய்த் தாலியக் கட்டு மாப்ளே.”

“அப்ப அது நல்லதாண்ணே?”

“நல்லதுன்னு நான் எப்பச் சொன்னேன்? நீ மூக்குச் சிந்துறியே, அது நல்லதா கெட்டதா? சொல்லு பாப்போம்.”

நான் மூக்கைத் தொட்டுப் பார்ப்பதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கல்யாணம் நடந்தது, மூன்று பிள்ளைகளும் பிறந்தார்கள். லேகியக்காரன் சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது. கம்பவுண்டர் கேட்டதற்குத்தான் பதில் தெரியவில்லை. சளி பிடிக்கிறபோதெல்லாம் குழம்பிப்போகிறேன்.